முதல் ரீபிரீதர் வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும்

ஓப்பன் சர்க்யூட்டில் (விட்ட மூச்சு குமிழியாகக் கடலுக்குப் போகும் சாதாரண ஸ்கூபாவில்) ஏற்கெனவே டெகோ டைவ் (உடம்பில் கரைந்த வாயு வெளியேற, மேலே வரும் வழியில் நின்று நின்று வர வேண்டிய டைவ்) செய்துகொண்டிருக்கும், அடுத்து விட்ட மூச்சையே சுத்தம் செய்து மறுபடி தரும் ரீபிரீதர் பக்கம் போகலாமா என்று யோசிக்கும் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். பேச்சு முழுக்க சிசிஆர் எனப்படும் மூடிய சுற்று ரீபிரீதரைப் பற்றித்தான். படித்தால் வாங்கும் முன் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும். பயிற்சிக்கு இது மாற்று இல்லை.

எனக்கு இது உண்மையிலேயே தேவையா?

எங்கே, எவ்வளவு ஆழத்தில் டைவ் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 30 மீட்டருக்குள் பவளப்பாறையைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் மேலே வருபவருக்கு ட்வின் டேங்க்கும் நைட்ராக்ஸும் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) போதும், செலவும் வேலையும் குறைவு. ஆழம் கூடக் கூடத்தான் கணக்கு மாறுகிறது.

மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் ஹெர்மிஸை எடுத்துக்கொள்வோம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் அது. ஆழம் ஏறக்குறைய 53 மீட்டர், அங்கே அழுத்தம் 6.3 பார். நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடும் ஒருவர் அடியில் 25 நிமிடம் இருந்தால் 3,150 லிட்டர் ட்ரைமிக்ஸ் (ஆக்சிஜன், நைட்ரஜன், ஹீலியம் கலவை) குமிழியாகப் போய்விடும். அதில் 45% ஹீலியம் என்றால் 1,400 லிட்டருக்கு மேல் ஹீலியம் காலி, டெகோ கேஸ் தனி. அதே டைவுக்கு ரீபிரீதரில் 3 லிட்டர் டிலூயன்ட் (ஆக்சிஜனோடு கலக்கச் சேர்க்கும் வாயு) சிலிண்டர் ஒன்றே, அதாவது 200 பாரில் 600 லிட்டர், மிச்சம் வைத்துவிட்டு வரும். பெயில்அவுட்டுக்கும் (கருவி பழுதானால் மாறிக்கொள்ளும் அவசர ஓப்பன் சர்க்யூட்டுக்கும்) ட்ரைமிக்ஸ் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும், ஆனால் எல்லாம் ஒழுங்காக நடந்தால் அது தொடப்படாமல் திரும்பி வந்து அடுத்த டைவுக்கு நிற்கும்.

ஹீலியம் மிச்சமாவதோடு, ஒவ்வொரு ஆழத்திலும் கிட்டத்தட்ட சரியான கலவையைச் சுவாசிப்பதால் டெகோ குறைகிறது. மூச்சுக்காற்று சூடாகவும் ஈரமாகவும் இருக்கிறது. சத்தமில்லாததால் மீன்கள் பக்கத்தில் வருகின்றன. ஆண்டுக்கு ஒரு விடுமுறையில் மட்டும் இந்த மாதிரி டைவ் செய்பவர் என்றால் என் பதில் வேண்டாம் என்பதே. அடிக்கடி பழகாத கைக்கு இந்தக் கருவி பாதுகாப்பில்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

நாம் வெளியே விடும் மூச்சில் இன்னும் 16, 17% ஆக்சிஜன் இருக்கிறது. ஓப்பன் சர்க்யூட்டில் அதைக் கடலில் கொட்டிவிடுகிறோம். ரீபிரீதரில் அது ஒரு குழாய் வழியாக கவுன்டர்லங் என்ற பைக்குப் போய், சோடா லைம் நிரப்பிய ஸ்க்ரப்பரைக் கடக்கும்போது கார்பன் டை ஆக்சைடை இழந்து, உடம்பு எடுத்துக்கொண்ட அளவுக்கு ஆக்சிஜன் சேர்க்கப்பட்டு மறுபடி வாய்க்கு வருகிறது. உடம்பு எடுப்பது நிமிடத்துக்கு ஒரு லிட்டர் மாதிரிதான், எந்த ஆழத்திலும் அதே அளவு. அதனால்தான் 2 லிட்டர் ஆக்சிஜன் சிலிண்டர் சில மணி நேரம் வருகிறது. ஆழம் போகப் போகப் பை சுருங்குவதை ஈடுகட்ட, டிலூயன்ட் சிலிண்டரிலிருந்து காற்றோ ட்ரைமிக்ஸோ உள்ளே வருகிறது.

ரீபிரீதரில் இறப்பு அதிகம் என்கிறார்களே?

உண்மைதான், இதை மழுப்பக் கூடாது. ஆண்ட்ரூ ஃபாக் என்ற மருத்துவர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில் 1998 முதல் 2010 வரை பொழுதுபோக்கு ரீபிரீதர் டைவிங்கில் 181 மரணங்கள் பதிவாகியிருந்தன. ஓப்பன் சர்க்யூட்டோடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய பத்து மடங்கு என்று அவர் கணக்கிட்டார். அதே ஆய்வில் கருவி தேர்ந்தெடுப்பவர் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் இருக்கிறது: எந்த ஒரு பிராண்டோ வகையோ மற்றதைவிட அதிகமாகக் கொன்றதாகத் தெரியவில்லை. மூன்றில் இரண்டு பங்கு மரணங்களில் ஆபத்தான டைவோ ஆபத்தான நடத்தையோ சம்பந்தப்பட்டிருந்தது.

ஏன் இவ்வளவு ஆபத்து என்றால், ஓப்பன் சர்க்யூட்டில் கோளாறு வந்தால் உடனே தெரியும்: மூச்சு வராது, அல்லது குமிழி கொட்டும். ரீபிரீதரில் மூச்சு இதமாக வந்துகொண்டே இருக்கும், அதில் உயிர் தாங்கும் வாயு இருக்காது. ஒரு கணக்கு பாருங்கள். ஆக்சிஜன் வால்வைத் திறக்க மறந்துவிட்டு நீர்மட்டத்தில் நீந்துகிறார் ஒருவர். லூப்பும் (கருவிக்குள் மூச்சு சுற்றிவரும் பாதை) நுரையீரலும் சேர்த்து 10 லிட்டர் காற்று என்று வைத்துக்கொண்டால் அதில் இருப்பது 2.1 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் செலவானால் ஒரு நிமிட முடிவில் அது 12 சதவீதத்துக்கு வந்துவிடும், இன்னும் அரை நிமிடத்தில் நினைவு போய்விடும். மூச்சு முட்டும் உணர்வே வராது, ஏனென்றால் அந்த உணர்வைத் தருவது கார்பன் டை ஆக்சைடு, அதை ஸ்க்ரப்பர் ஒழுங்காக எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஹேண்ட்செட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பதைத் தவிர இதற்கு வேறு காவல் கிடையாது.

சரி, எந்த பிராண்ட் வாங்கலாம்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி இது. இன்று சந்தையில் உள்ள நல்ல கருவிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம், நல்ல பயிற்சியாளருக்கும் சுமாரான பயிற்சியாளருக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைவிடக் குறைவு. நான் வரிசைப்படுத்துவது இப்படி.

முதலில் ஆளைத் தேடுங்கள். நீங்கள் செய்ய விரும்பும் டைவை அவரே அதே கருவியில் அடிக்கடி செய்கிறாரா, பாடத்துக்கு வெளியே சொந்தமாக டைவ் செய்கிறாரா, தயாராகாத மாணவருக்குச் சான்றிதழ் தராமல் திருப்பி அனுப்பியிருக்கிறாரா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் தயங்காமல் பதில் சொன்னால் நல்ல அறிகுறி. ரீபிரீதர் பயிற்சி கருவிக்கு ஏற்றது. ஒரு மாடலில் எடுத்த சான்றிதழ் இன்னொன்றுக்குச் செல்லாது, மாறினால் குறைந்தது ஒரு கிராஸ்ஓவர் கோர்ஸ் வேண்டும். ஆகவே ஆளைத் தேர்ந்தெடுத்தாலே கருவிப் பட்டியல் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும்.

அடுத்து, உங்களோடு டைவ் செய்பவர்கள் எதை வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். படகில் ஓ-ரிங் கிழிந்தால், குழாய் ஓட்டையானால், பக்கத்தில் இருப்பவரின் பெட்டியில் அந்தப் பாகம் இருக்க வேண்டும். தண்ணீருக்கடியில் உங்களுக்கு ஏதாவது ஆனால், உங்கள் முதுகில் எந்த வால்வு எங்கே இருக்கிறது என்று அவர் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது, சர்வீஸ். சென்னையிலோ கொழும்பிலோ இருப்பவருக்கு இது பெரிய விஷயம். ஒரு சோலனாய்டுக்காக (ஆக்சிஜனை உள்ளே விடும் மின்வால்வு) கருவியை ஐரோப்பாவுக்கு அனுப்பிவிட்டு சுங்கத்தில் மாட்டிக்கொண்டால் அந்த சீசன் போய்விடும்.

இவற்றுக்குப் பிறகும் ஒன்றுக்கு மேல் மிஞ்சினால் அப்போது பெயர்களைப் பார்க்கலாம். ஏபி டைவிங்கின் இன்ஸ்பிரேஷன் 1997-ல் வந்தது, பொழுதுபோக்கு டைவர்களுக்கென்று பெரிய அளவில் விற்ற முதல் சிசிஆர் அதுதான். ஸ்க்ரப்பரில் சூடு நகர்வதைக் காட்டும் வசதி இருக்கிறது, பயன்படுத்துபவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். டென்மார்க்கில் உருவான ஜேஜே எளிமையான, முரட்டுத்தனமான அமைப்பு. குகை டைவர்களிடம் நல்ல பெயர். பெல்ஜியத்தில் பிறந்த ரீவோவில் இரண்டு சிறிய ஸ்க்ரப்பர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. செக் குடியரசின் டைவ்சாஃப்ட் லிபர்ட்டியில் இரண்டு தனித்தனிக் கணினிகள், நான்கு ஆக்சிஜன் சென்சார்கள், ஹீலியம் சென்சாரும் உண்டு. மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத எளிய கருவி வேண்டுமென்றால் கிஸ். இவற்றில் எதை எடுத்தாலும் தவறாகாது.

எலக்ட்ரானிக்கா, மேனுவலா?

எலக்ட்ரானிக்கில் நீங்கள் 1.2 அல்லது 1.3 என்று ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்தை, டைவர்கள் பேச்சில் பிஓ2-ஐ, செட்பாயின்ட்டாக வைத்தால் கணினி சென்சாரைப் படித்து சோலனாய்டைத் திறந்து மூடி அதைப் பிடித்துவைக்கும். மேனுவலில் ஒரு சிறு துளை வழியாக ஆக்சிஜன் நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் மாதிரி சொட்டிக்கொண்டே இருக்கும். மீதியை நீங்கள் பட்டனை அழுத்திச் சேர்க்க வேண்டும்.

மேனுவல்தான் பாதுகாப்பு, ஹேண்ட்செட்டைப் பார்க்க அது உன்னைக் கட்டாயப்படுத்தும் என்று ஒரு கூட்டம் சொல்லும். வேலை மும்முரத்தில் நீ மறந்தாலும் கணினி மறக்காது என்று இன்னொரு கூட்டம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. என் யோசனை: முதல் கருவி எலக்ட்ரானிக்காக இருக்கட்டும், ஆனால் செட்பாயின்ட்டை 0.7-ல் விட்டுவிட்டு 1.2-ஐக் கையால் பிடித்து ஓட்டப் பழகுங்கள். கணினி அடியில் வலையாக மட்டும் இருக்கும். நீங்கள் கவனம் சிதறினால் தாங்கிக்கொள்ளும். நல்ல பயிற்சியாளர்கள் பலர் இப்படித்தான் சொல்லித்தருகிறார்கள். சோலனாய்டு செத்தாலும் டைவை முடித்து வரும் திறமை அப்போதுதான் கையில் இருக்கும்.

துளை வகை மேனுவலில் இன்னொன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதன் ஆக்சிஜன் ரெகுலேட்டர் ஆழத்துக்கேற்ப அழுத்தத்தைக் கூட்டாத மாதிரி அடைக்கப்பட்டிருக்கும். சுற்றியுள்ள நீரின் அழுத்தம் ரெகுலேட்டர் அழுத்தத்தை நெருங்கும்போது ஆக்சிஜன் வரத்து நின்றுவிடும். பிற்காலத்தில் ரொம்ப ஆழம் போகும் எண்ணம் இருந்தால் இது முக்கியம்.

கவுன்டர்லங் முன்னால் இருப்பது நல்லதா, பின்னாலா?

தோளில் முன்பக்கம் இருப்பவை பொதுவாக மூச்சுக்கு இதமானவை, தண்ணீர் புகுந்தால் சமாளிப்பதும் சுலபம். ஆனால் நெஞ்சில் கூட்டம். பின்பக்கம் இருப்பவை நெஞ்சைக் காலியாக விடும், பெயில்அவுட் சிலிண்டர்களைக் கையாள வசதி. போட்டுப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். அரைநாள் ட்ரை டைவுக்குப் பணம் கொடுத்தால் போதும், தலைகீழாகவும் மல்லாந்தும் மூச்சு எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஸ்க்ரப்பர் எவ்வளவு நேரம் தாங்கும்?

கையேட்டில் போட்டிருக்கும் நேரம்தான், அதற்கு மேல் ஒரு நிமிடமும் கிடையாது. ஐரோப்பியத் தரமான இஎன் 14143-ன்படி 40 மீட்டர் ஆழத்தில், 4 டிகிரி குளிர்நீரில், நிமிடத்துக்கு 1.6 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு செலுத்திச் சோதிக்கிறார்கள். நம் பக்கம் நீர் 28 டிகிரி, நாம் அமைதியாக நீந்துகிறோம், இன்னும் கொஞ்சம் ஓட்டலாம் என்று கணக்குப் போடுபவர்களை எங்கும் பார்க்கலாம். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று கிலோ சோடா லைம். அந்தக் காசை மிச்சப்படுத்த உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

நிரப்புவதில் நிதானம் வேண்டும். கொஞ்சம் கொட்டி, பக்கவாட்டில் தட்டி, குருணைகள் அமர்ந்த பிறகு மறுபடி கொட்டி, மேலே மட்டமாக்கி மூடும்போது ஸ்ப்ரிங்கின் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று விரலால் பார்க்க வேண்டும். நடுவில் இடைவெளி இருந்தால் மூச்சு அந்த வழியாகச் சுத்தமாகாமல் ஓடிவிடும். டைவுக்கு முன் ஐந்து நிமிடம் லூப்பில் மூச்சுவிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம், சென்சாரும் சோலனாய்டும் வேலை செய்கிறதா என்று தெரியும். ஆனால் ஸ்க்ரப்பர் பாதி பழுதாக இருந்தால் அதில் உணர முடியும் என்று நம்பாதீர்கள். இதைச் சோதித்த ஆய்வில் பெரும்பாலானோர் உணரவில்லை.

சென்சார்கள் பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பெரும்பாலான கருவிகளில் ஆக்சிஜனை அளக்க மூன்று கால்வானிக் செல்கள் இருக்கும். இவை தேய்ந்துகொண்டே போகும் பொருள். பயன்படுத்தினாலும் அலமாரியில் வைத்தாலும் வயசு ஆகும். தயாரித்த தேதியிலிருந்து ஓராண்டு, மிஞ்சினால் ஒன்றரை ஆண்டு. காற்றில் ஒரு செல் 10 மில்லிவோல்ட் காட்டினால் சுத்த ஆக்சிஜனில் 47-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 42-தான் வருகிறது என்றால் அந்த செல் குப்பைக்கு. அதோடு முடியவில்லை, நீர்மட்டத்தில் 1.0 வரை சரியாகக் காட்டும் கிழட்டு செல் 1.2-க்கு மேல் ஏற மறுக்கலாம். அப்போது கணினி இன்னும் போதவில்லை என்று ஆக்சிஜனைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே 6 மீட்டரில் லூப்பை ஆக்சிஜனால் கழுவி 1.6-ஐத் தொடுகிறதா என்று பாருங்கள்.

மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அவை சரி என்று கணினி எடுத்துக்கொள்ளும். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு செல்கள் ஒன்றாகவே சாகலாம், அப்போது சரியான மூன்றாவதைக் கணினி ஒதுக்கிவிடும். தேதிகளைப் பிரித்து மாற்றுங்கள். சந்தேகம் வந்தால் டிலூயன்ட்டால் லூப்பைக் கழுவி, அந்த ஆழத்துக்கு வரவேண்டிய எண் வருகிறதா என்று பாருங்கள்: காற்று டிலூயன்ட் என்றால் 30 மீட்டரில் 0.84.

பெயில்அவுட் எவ்வளவு எடுத்துப் போக வேண்டும்?

கருவி முழுவதும் செத்துப்போன நிலையில், மிக மோசமான நேரத்திலிருந்து டெகோ முடித்து மேலே வரும் அளவுக்கு. இதில் சாதாரண மூச்சுக் கணக்கைப் போடக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு ஏறிய ஒருவர் நிமிடத்துக்கு 40 லிட்டர்கூட இழுப்பார். 53 மீட்டரில் அது 250 லிட்டர். 11 லிட்டர் அலுமினியம் சிலிண்டரில் 200 பார் என்றால் 2,200 லிட்டர், ஒன்பது நிமிடம்கூட வராது. அதிலேயே பதறல் அடங்கி, மேலே கிளம்பி, டெகோ கேஸ் மாற்றும் ஆழத்துக்கு வந்து சேர வேண்டும்.

முதல் கருவியிலேயே பிஓவி எடுத்துவிடுங்கள். வாயிலிருப்பதை எடுக்காமல் ஒரு நெம்புகோலைத் திருப்பினால் ஓப்பன் சர்க்யூட்டுக்கு மாறும் வால்வு அது. கார்பன் டை ஆக்சைடு ஏறும்போது மூச்சு வெறி பிடித்த மாதிரி இருக்கும், அந்த நிலையில் ஒரு வாய்க்கட்டையை எடுத்து இன்னொன்றை வைக்க முடியாமல் போனவர்கள் உண்டு. கொஞ்சம் கனம், தாடை வலிக்கும் என்பது உண்மை, பழகிவிடும். வாய்க்கட்டையைப் பிடித்துவைக்கும் பட்டையும் போடுங்கள். நினைவு போனாலும் நீர் புகாமல் காக்கும்.

பழைய கருவி வாங்கலாமா?

வாங்கலாம், பயிற்சியாளரோ அந்தக் கருவியை நன்கு தெரிந்தவரோ கூட இருந்தால். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரிடம் கொடுத்துத் திருட்டா, திரும்பப்பெறும் அறிவிப்பு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று கேளுங்கள். கவுன்டர்லங் மடிப்புகள், குழாய்கள், மஷ்ரூம் வால்வுகள், கணினி இணைப்பில் பச்சை படிந்திருக்கிறதா, எல்லாம் பாருங்கள். மஷ்ரூம் வால்வு சின்ன ரப்பர் தகடுதான். அது மடங்கியிருந்தால் விட்ட மூச்சே திரும்பி வரும். முந்தையவர் தன் கையால் மாற்றம் செய்த கருவி என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். வீட்டிலேயே செய்தது, தரச்சான்று இல்லாதது முதல் கருவியாக வேண்டவே வேண்டாம். செல், குழாய், சர்வீஸ் செலவையும் விலையோடு சேர்த்துப் பார்த்தால் பல பேரங்கள் பேரமே இல்லை என்று தெரியும்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

புதுக் கருவி பல ஆயிரம் யூரோ, நல்ல மாடல்களில் பத்தாயிரத்தைத் தொடுவது சாதாரணம். அதன் மேல் சுங்கம், பயிற்சி, பெயில்அவுட் சிலிண்டர்களும் ரெகுலேட்டர்களும், தனியாக ஒரு டைவ் கம்ப்யூட்டர், ஆண்டுதோறும் மூன்று செல், சோடா லைம். கருவிக்கே கையிருப்பு எல்லாம் போய்விடும் என்றால் காத்திருங்கள். பயிற்சியிலும் பெயில்அவுட்டிலும் பிடித்தம் செய்து வாங்கும் கருவியால் பயனில்லை.

பயிற்சி எப்படிப் போகும்?

ஐஏஎன்டிடி, டிடிஐ, பாடி என எந்த அமைப்பில் போனாலும் ஏறக்குறைய மூன்று படி: முதலில் 40 மீட்டர் வரை, அப்புறம் ட்ரைமிக்ஸோடு 60, கடைசியில் 100. முதல் படியில் காற்று டிலூயன்ட்டோடு 40 மீட்டர் சான்றிதழ் தருவார்கள், ஆனால் வாயுவின் அடர்த்தி லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் இருப்பது நல்லது, 6.2-ஐத் தாண்டக் கூடாது என்பது இன்றைய பரிந்துரை. காற்று 31 மீட்டரில் முதல் எல்லையையும் 39-ல் இரண்டாவதையும் தொட்டுவிடுகிறது. அடர்ந்த வாயுவில் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்ற நுரையீரல் திணறும். அதனால் 30-க்குக் கீழே ஹீலியம் சேர்க்கும் பயிற்சியைத் தருபவரைத் தேடுங்கள்.

கோர்ஸ் முடிந்ததும் ஆழத்துக்கு ஓடாதீர்கள். ஓப்பன் சர்க்யூட்டில் நூற்றுக்கணக்கில் டைவ் செய்தவரும் இதில் மிதப்புக் கட்டுப்பாட்டைப் புதிதாகக் கற்க வேண்டும், ஏனென்றால் மூச்சை இழுத்தால் உடம்பு மேலே ஏறாது. காற்று ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறுகிறது, அவ்வளவுதான். 20 மீட்டருக்குள் நிறைய மணி நேரம் சேருங்கள்.

பக்கவாட்டில் மாட்டும் சைட்மவுன்ட் ரீபிரீதரை முதலில் வாங்கலாமா?

குறுகிய குகைகளில் ஏற்கெனவே சைட்மவுன்ட்டில் டைவ் செய்பவர் என்றால் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு முதுகில் மாட்டும் வகையே சுலபம்.

விமானத்தில் கொண்டுபோவது எப்படி?

சிலிண்டரைக் காலி செய்து வால்வைக் கழற்றி, உள்ளே பார்க்கும்படி அனுப்ப வேண்டும். பலர் சிலிண்டரையே கொண்டுபோவதில்லை, போகும் இடத்தில் வாடகைக்கு எடுக்கிறார்கள். 2, 3 லிட்டர் சிலிண்டர்களும் உங்கள் கருவிக்குப் பொருந்தும் வால்வும் அங்கே இருக்கிறதா என்று முன்பே எழுதிக் கேளுங்கள். இந்தியாவுக்குள் உயர் அழுத்த சிலிண்டர் கொண்டுவர பெசோ (வெடிபொருள், அழுத்தச் சிலிண்டர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு) விதிகள் இருப்பதை மறக்க வேண்டாம். சோடா லைமும் முடிந்தவரை அங்கேயே வாங்குங்கள், இல்லையென்றால் தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தாளைக் கையில் வைத்திருங்கள். ஹெட்டும் (சென்சாரும் மின்னணுவும் இருக்கும் பகுதி) ஹேண்ட்செட்டும் கைப்பையில் வரட்டும். செக்லிஸ்ட்டைப் பிளாஸ்டிக் உறையிட்டுக் கருவியோடு கட்டிவையுங்கள். 2012-ல் ஆர்லாண்டோவில் கூடிய மூன்றாம் ரீபிரீதர் மாநாடு அழுத்திச் சொன்ன விஷயங்களில் அதுவும் ஒன்று. படகில் யார் அவசரப்படுத்தினாலும் ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்து டிக் போடுங்கள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்துவிட்டால் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.